ஹூட், பில்டர், பேபி ஆஃப் செல்வராணி

லென்ஸுக்கு பில்டர் போட்டிருந்தால் ஹூட் தேவையா, ஹூட் இருந்தால் பில்டர் எதற்கு என்று புதிதாகக் கேமரா வாங்கிய பிள்ளைகள் வாரத்துக்கு ஒருவராவது என்னைக் கேட்கிறார்கள். ஆளுக்கொரு கட்சியில் சேர்ந்துகொண்டு போனில் சண்டை வேறு. நான் கொடைக்கானலில் முப்பத்தோரு வருடம் ஸ்டில் போட்டோகிராபராக இருந்தவள். ஏரிக்கரையில் தேனிலவு ஜோடிகளைக் குதிரையில் ஏற்றி எடுத்ததில் ஆரம்பித்து, மேல்மலைக் கிராமங்களின் கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட குரூப் போட்டோ வரை எல்லாம் பார்த்தாயிற்று. முட்டி ஒத்துழைக்காததால் கடையை மூடிவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். பதில் சொல்ல நேரம் இருக்கிறது. பொறுமை இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

பதில் நாலு வரிதான். ஆனால் அதை நான் கற்றுக்கொண்டது ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில், பத்து நிமிடத்துக்குள். ஆகவே கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

1. கழற்றக் கூடாத கண்ணாடி

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஸ்டுடியோ முதலாளி கேமராவைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் லென்ஸின் வாயில் திருகியிருந்த கண்ணாடியைக் காட்டினார்.

"இந்தாம்மா, இது பில்டரு. லென்ஸுக்கு என்ன வந்தாலும் இது வாங்கிக்கிரும். எந்தச் சோலிக்கும் இதைக் கழட்டப்படாது."

நான் சொன்னதைக் கேட்கிற ஜாதி. அவர் கடையை விட்டு வந்து சொந்தக் கடை வைத்த பிறகும் கழற்றவில்லை. எங்கள் ஊருக்கு அது நல்ல யோசனையும்கூட. பனிமூட்டம் வந்தால் பத்து நிமிடத்தில் லென்ஸ் முகம் ஈரமாகிவிடும். குதிரை கிளப்பும் புழுதி, தூறல், ஐஸ்கிரீம் தின்ற விரலோடு வந்து லென்ஸைத் தொட்டுப் பார்க்கிற குழந்தைகள். எதுவாயிருந்தாலும் புடவைத் தலைப்பால் பில்டரைத் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

ஹூட் பிறகு வந்தது. லென்ஸுக்கு வெளியே குழல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் அந்த வளையம் பக்கத்திலிருந்து வரும் வெயிலைத் தடுக்கும், தூறலைத் தடுக்கும், எங்காவது இடித்தால் முதல் அடியைத் தானே வாங்கிக்கொள்ளும். நான் வாங்கியது ரப்பர் ஹூட். மடித்தால் பைக்குள் அடங்கும். பில்டரின் மேலேயே திருகிக்கொள்ளலாம். இன்னொரு வசதியும் உண்டு. பேரிஜம் ஏரிக்குப் போகிற காட்டுப்பாதையில் காட்டுமாடு குறுக்கே நின்றால் ஜீப்பை விட்டு இறங்க முடியாது. ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ரப்பர் ஹூட்டின் வாயைக் கண்ணாடியோடு அழுத்தி வைத்து எடுத்தால், நம் முகமோ ஜீப்பின் உள்பக்கமோ படத்தில் பிரதிபலிக்காது. இதை நானாகவே கண்டுபிடித்தேன் என்று ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். உலகம் முழுக்க அப்படித்தான் எடுக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

மன்னவனூரில் ஒரு கல்யாணத்தில் மட்டும் ஹூட்டைப் பைக்குள் வைத்துவிட்டு ஓடினேன். தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் எழுபது-இருநூறு லென்ஸ் மண்டபத்தின் இரும்புத் தூணில் போய் முட்டியது. பில்டரின் விளிம்பு லேசாக நசுங்கியது. கண்ணாடிக்கோ லென்ஸுக்கோ ஒரு கீறல் இல்லை. பழைய முதலாளியை மனதுக்குள் கும்பிட்டேன். நசுங்கிய விளிம்பு லென்ஸின் மரையைக் கவ்விப் பிடித்துக்கொண்டுவிட்டது எனக்குத் தெரியாது. கழற்றவே கழற்றாதவளுக்கு எப்படித் தெரியும்?

2. ராணியின் கை

என் கடையில் கம்ப்யூட்டர் வேலை செய்தவள் செல்வராணி. அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர்கள். பெரும்பாறையில் காப்பித் தோட்ட வேலை. இவள் இருபது வயதில் என்னிடம் வந்து, ஆறு மாதத்தில் எனக்கே பாடம் எடுக்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். குரூப் போட்டோவில் மூடியிருக்கும் கண்ணைத் திறந்து வைப்பாள். வழுக்கைக்கு முடி முளைக்க வைப்பாள். கல்யாணத்துக்கு வராமல் கோபித்துக்கொண்டு போன தாய்மாமனை வேறொரு படத்திலிருந்து வெட்டி எடுத்து, பெண்ணுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்க வைத்துவிடுவாள். விளக்கு வெளிச்சம் பட்டுக் கறையாகத் தெரியும் இடங்களைத் தடம் தெரியாமல் துடைத்துவிடுவாள். ராணி கை வைத்த இடத்தை ராணிதான் காட்ட வேண்டும்.

அவள் புருஷன் பாண்டி டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவன். நல்ல பையன். கொஞ்சம் பயந்தவன்.

அவளுக்கு முதல் குழந்தை ஏழாம் மாதத்திலேயே ஆபரேஷனில் பிறந்தது. மலையில் வசதி இல்லை என்று குழந்தையை மட்டும் ஆம்புலன்ஸில் கீழே கொண்டுபோனார்கள். அன்று சாயங்காலமே இறந்துவிட்டது. தையல் ஆறட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டில் முடிவெடுத்தார்கள். மூன்று நாள். குழந்தைக்கு வேண்டும் என்று அவள் பாலைப் பீச்சிப் பீச்சிக் கொடுத்தாள். பாண்டி அதை வாங்கிக்கொண்டு வெளியே போய்க் குழாயடியில் ஊற்றிவிட்டு, சுவரில் சாய்ந்து அழுததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு உள்ளே போய், "நல்லாருக்காம்மா, நீ தூங்கு" என்று நானும் சொன்னேன்.

நாலாம் நாள் சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பி வந்தாள். நீங்களும் ஏன் அக்கா சொன்னீங்க என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

3. அழிச்ச மூஞ்சி

மூன்று வருடம் கழித்து இரண்டாவது குழந்தை. எட்டாம் மாதம் தொடங்கியதும் திடீரென்று ரத்தப்போக்கு. மறுபடி அவசர ஆபரேஷன். அவள் மயக்கம் தெளிவதற்குள் குழந்தையைத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெண் குழந்தை. எடை குறைவு. ஆனால் நன்றாகத்தான் இருந்தது. இந்தத் தடவை யாரும் பொய் சொல்லவில்லை. அதை அவளை நம்ப வைக்கத்தான் ஆள் இல்லை.

மூன்றாம் நாள் காலை பாண்டி கடைக்கு வந்து நின்றான். கண் சிவந்திருந்தது. குழந்தைக்குத் தாய்ப்பால்தான் மருந்து, தினமும் ஐஸ் பெட்டியில் கொண்டுவாருங்கள் என்று கீழே டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இங்கே ராணி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறாள். சாப்பாடு இல்லை. பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடிக்கிறது. நர்ஸ் கிண்ணத்தோடு வந்தால் தட்டிவிடுகிறாள்.

அவன் போனில் எடுத்த படங்களைக் காட்டினான். குழந்தைகள் வார்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வராந்தாவிலிருந்து பெரிய கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். ஒரு படத்தில் குழந்தையின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வராந்தா டியூப்லைட் வெள்ளையாக விழுந்திருந்தது. இன்னொன்றில் பாண்டியின் சட்டைதான் தெரிந்தது. போனைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து எடுத்த படத்தில், மூன்றாவது வரிசையில் இருந்த குழந்தை எறும்பு அளவில் இருந்தது. பெரிதாக்கினால் மாவு மாதிரி கலைந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ராணி என்னைப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது.

"அந்தப் போட்டோவுல மூஞ்சிய அழிச்சிருக்காங்கக்கா," என்றாள். "அழிச்சது எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

டியூப்லைட் விழுந்திருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"போன தடவை மூணு நாளு பீச்சிக் குடுத்தேன். யாருக்குக் குடுத்தேன்? நீங்களே சொல்லுங்கக்கா."

பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்பதற்குக்கூட அது இடமில்லை. நானே போய் எடுத்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கல்யாண வீட்டுக்காரர்கள் ஆல்பத்துக்குச் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னாள். போனுக்கு அனுப்பியதைக் காட்டக் கூடாது, பிரிண்ட் போட்டும் காட்டக் கூடாது. கேமராவை அப்படியே கார்டோடு கொண்டுவந்து தன் கையில் கொடுக்க வேண்டும். காலில் தாயார் பெயர் எழுதிய பட்டை கட்டியிருப்பார்கள், அதை வாசிக்க முடிய வேண்டும், முகமும் அதே படத்தில் இருக்க வேண்டும்.

"எவ பிள்ளையவோ எடுத்துட்டு வந்தீங்கன்னா தெரிஞ்சிரும்," என்றாள்.

அவளிடம் வேலை பார்க்கிற ஆள் மாதிரி நான் தலையாட்டினேன்.

4. பத்து நிமிடம்

மறுநாள் வெள்ளனே பாண்டி ஜீப்பை எடுத்தான். வத்தலக்குண்டில் டீ குடிக்கக்கூட நிறுத்தவில்லை. வார்டின் திரையைப் பதினொரு மணிக்கு விலக்கினால் பத்து நிமிடத்தில் மூடிவிடுவார்களாம். பிளாஷ் அடிக்காமல் கண்ணாடிக்கு வெளியே நின்று எடுத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்திருந்தார்.

எனக்கு நல்ல தைரியம். எழுபது-இருநூறு இருக்கிறது. ரப்பர் ஹூட் இருக்கிறது. காட்டுமாட்டை எடுத்தவளுக்குக் கட்டிலில் கிடக்கிற குழந்தை எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

திரை விலகியது. ஹூட்டைக் கண்ணாடியில் அழுத்தினேன். டியூப்லைட் காணாமல் போனது. ஆனால் உள்ளே எல்லாம் பால் ஊற்றியது போல் இருந்தது. கேமராவை எடுத்து லென்ஸைப் பார்த்தால் பில்டரின் உட்புறம் வியர்த்திருந்தது. முந்தின நாள் தூறலில் படம் எடுத்தபோது புகுந்த ஈரம் பில்டருக்கும் லென்ஸுக்கும் நடுவில் அடைபட்டுக் கிடந்திருக்கிறது. ஏசி வராந்தாவில் கண்ணாடி குளிர்ந்ததும் படிந்துவிட்டது. வெளியே எவ்வளவு துடைத்தாலும் உள்ளே இருப்பது போகுமா?

உள்ளங்கைச் சூட்டில் கொஞ்சம் தெளிந்தது. திரும்ப வைத்துப் பார்த்தேன். இப்போது வேறு தொல்லை. பக்கத்துக் குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்று நீல விளக்குப் போட்டிருந்தார்கள். அந்த விளக்கு பில்டரின் தட்டைக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, எங்கள் குழந்தையின் காலுக்கு நேராக ஒரு நீலக் கறையாக நின்றது. பெயர்ப்பட்டை அதற்கு அடியில். கோணத்தை மாற்றினால் கறை காலை விட்டு முகத்துக்கு ஏறியது. ராணி இதைப் பார்த்தால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.

ஹூட்டை எடுத்துவிட்டு பில்டரைக் கழற்றப் போனேன். அசையவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்துத் திருகினேன். அப்போதுதான் மன்னவனூர்த் தூண் ஞாபகம் வந்தது. கை வியர்த்து வழுக்கியது. பாண்டி பக்கத்தில் நின்று கடிகாரத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிள்ளை கண்ணெதிரே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது, அதைத் தாயிடம் கொண்டுபோக முடியாமல் ஒரு வளையம் பிடித்துவைத்திருக்கிறது. முப்பது வருடப் பழக்கத்தை அன்றைக்கு வாய்விட்டுத் திட்டினேன்.

வராந்தா மேஜையில் இருந்த நர்ஸம்மா எழுந்து வந்து என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் டப்பாவிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் கையுறையை உருவி என்னிடம் நீட்டினார்.

"மருந்து பாட்டில் மூடி சிக்கிக்கிட்டா நாங்க இதப் போட்டுத்தாங்க திருகுவோம். வெரசா பாருங்க, திரையை மூடிருவாங்க."

மாட்டிக்கொண்டேன். விரலால் கிள்ளிப் பிடிக்காமல், உள்ளங்கையைப் பரத்தி முழு வளையத்திலும் சமமாக அழுத்தித் திருப்பினேன். கிள்ளிப் பிடித்தால் வளையம் கோணிக்கொண்டு இன்னும் இறுகும். இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை கரகரவென்று மணல் அரைபடும் சத்தத்தோடு அசைந்து, கழன்று கையோடு வந்தது. ரப்பர் ஹூட்டை நேராக லென்ஸிலேயே திருகினேன். கண்ணாடியில் அழுத்தினேன்.

நீலக் கறை இல்லை. முகம் தெரிந்தது. மூக்கில் சின்னக் குழாய். தலையில் கம்பளிக் குல்லா. வலது காலில் பட்டை. பேனாவால் எழுதியிருந்த ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன: பேபி ஆஃப் செல்வராணி. பட்டனை அழுத்தியவள் விரலை எடுக்கவில்லை. பதினாலு படம் ஓடியது. பதினைந்தாவதில் திரையின் ஓரம் வந்துவிட்டது.

பிள்ளைகள் கேட்கிற கேள்விக்குப் பதில் இதுதான். எழுதிக்கொள்ளுங்கள். ஹூட்டை எப்போதும் போடு. அது பக்கத்து வெளிச்சத்தைத் தடுக்கும், இடிபட்டால் அடியைத் தாங்கும். தூறல், புழுதி, பனி என்றால் பில்டரையும் போடு, அப்போது இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும். ஆனால் விளக்கு படத்துக்குள்ளேயே இருந்தால் ஹூட்டால் ஒன்றும் செய்ய முடியாது, அங்கே பில்டர்தான் எதிரி, கழற்றிவிடு. கழற்ற வருகிறதா என்று வாரம் ஒரு தடவை வீட்டில் திருகிப் பார். ஈரத்தில் எடுத்துவிட்டு வந்தால் பில்டரைத் தனியாக எடுத்து உலர்த்து.

5. கார்டில் இருந்தது

மூன்று மணிக்கெல்லாம் மலை ஏறிவிட்டோம். கேமராவை அப்படியே ராணி கையில் கொடுத்தேன். எழுந்து உட்கார அவளுக்கு நேரமாயிற்று. தையல் இழுத்தது. பாண்டி பிடிக்க வந்தான், வேண்டாம் என்றுவிட்டாள்.

முதலில் முகத்தைப் பார்க்கவில்லை. படத்தின் விவரத்தைத் தட்டி, தேதியையும் நேரத்தையும் பார்த்தாள். அன்றைய தேதி. பிறகு காலைப் பெரிதாக்கினாள். பட்டையை எழுத்து எழுத்தாக வாசித்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நீல விளக்குப் பக்கம் போனாள். ஓரங்களைத் தேடினாள். எங்காவது ஒட்டு இருக்கிறதா, எங்காவது துடைத்திருக்கிறதா என்று என் கடையில் எத்தனையோ தடவை பார்த்த அதே முகம். கடைசியாக முகத்துக்கு வந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"கை வைக்கல," என்றாள். "சுத்தமா இருக்கு."

அப்பாடா என்று நான் உட்காரப் போனேன்.

"மூச்சு விடுதாக்கா?"

கண் மூடிக் கிடக்கும் குழந்தை. ஒரு ஸ்டில். பெயர் இருக்கிறது, முகம் இருக்கிறது, தேதி இருக்கிறது. உயிர் இருப்பதற்கு அதில் என்ன சாட்சி? அந்தக் கேமராவில் வீடியோ பட்டன் இருக்கிறது. கட்டை விரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முப்பது வருடம் ஸ்டில் எடுத்த புத்திக்கு அது தோன்றவே இல்லை. கண்ணாடியையும் கறையையும் பற்றித்தான் நான் கவலைப்பட்டிருக்கிறேன். அவள் கவலை அது இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் வீடியோ எடுக்காமல் வந்துவிட்டேன் ராணி என்று சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. கேமராவைக் கீழே வைக்கவும் இல்லை. கட்டை விரல் சக்கரத்தின் மேல் போனது. அடுத்த படம். அதற்கடுத்தது. கடையில் கண் மூடாத படத்தைப் பொறுக்குவதற்கு முன்னும் பின்னும் ஓட்டுவாளே, அப்படி. பதினாலையும் ஓட்டினாள். திரும்பி வந்தாள். மறுபடி ஓட்டினாள், இந்தத் தடவை வேகமாக.

போர்வைக்கு வெளியே இருந்த குழந்தையின் கை ஒரு படத்தில் மூடியிருந்தது. அடுத்ததில் ஒரு விரல் விலகியிருந்தது. அதற்கடுத்ததில் இரண்டு. பிறகு கை முழுதும் விரிந்து, திரும்ப மூடியது. நெஞ்சுக் குழி ஒரு படத்தில் மேலே, ஒரு படத்தில் கீழே. ராணி சக்கரத்தை முன்னும் பின்னும் சுழற்றிக்கொண்டே இருந்தாள். கை விரிந்து மூடியது, விரிந்து மூடியது. அந்தப் பக்கம் பாண்டி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான்.

எத்தனை தடவை ஓட்டினாளோ தெரியாது. பிறகு கேமராவை மடியில் வைத்துவிட்டு, நர்ஸைப் பார்த்துக் கிண்ணத்தைக் கேட்டாள்.

திரையை இழுத்து மறைத்தோம். பால் கட்டியிருந்ததால் வலி உயிர் போயிற்று அவளுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டாள். முதல் தடவை நாலு ஸ்பூன்கூடத் தேறவில்லை. நர்ஸ் அதைச் சின்ன பாட்டிலில் ஊற்றி மூடி, ஐஸ் பெட்டியில் வைத்தார். பாண்டி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போய்விட்டான். ராணி என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"அவளுக்குப் போயிச் சேருமாக்கா?"

தலையைத் தடவி, நீ தூங்கு என்று சொல்லிவிட்டுப் போவதுதான் என் பழைய வழக்கம். அன்றைக்கு அப்படிச் சொல்லவில்லை. அவள் காலடியில் கிடந்த சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாதும்மா. நான் கூடப் போறேன். அவ வாயில விழுந்த பெறகு கூப்பிட்டுச் சொல்றேன்."

ஜீப் அதற்குள் ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஏறி உட்கார்ந்து பெட்டியை மடியில் வாங்கிக்கொண்டேன். கேமராவை அவளிடமே விட்டுவிட்டு வந்திருந்தேன்.